வேங்கைத் தூணும் தேயிலைத் தூரும்

எம்பக்கே தேவாலயத்துக்கு வருகிறவர்களை வழிகாட்டிகள் முதலில் அண்ணாந்து பார்க்கச் சொல்வார்கள். கூரையின் 26 கைமரங்களையும் ஒற்றை மர ஆப்பு பிணைத்து வைத்திருக்கிறது. அது பார்க்கவேண்டியதுதான். பெரும்பாலானவர்கள் அதைப் பார்த்துப் படம் பிடித்துக்கொண்டு லங்காதிலக விகாரைக்குப் புறப்பட்டுவிடுகிறார்கள். தூண்களோ கண்மட்டத்திலும், சற்றுக் குனிந்தால் தெரிகிற உயரத்திலும் தங்கள் கதையைச் சொல்லிக்கொண்டு நிற்கின்றன. சதுரச் சட்டத்துக்குள் கட்டிப்புரளும் மல்லர், இரட்டைத்தலைக் கழுகு, கழுத்தோடு கழுத்துப் பின்னிய அன்னங்கள், பிள்ளைக்குப் பால் கொடுக்கும் தாய், குதிரைமேல் போராடும் வீரன், யானையும் காளையும் ஒன்றான ஓர் உரு. பாதி மனிதனும் பாதி பறவையுமான இன்னோர் உரு. எல்லாவற்றுக்கும் மேலாக, கொடியிலிருந்து விளைகிற பெண். இடுப்புவரை அவள் பெண்; அதற்குக் கீழே இலையும் தண்டும் சுருளும். எந்த இடத்தில் தசை முடிந்து தாவரம் தொடங்குகிறது என்று விரலால் தடவிப் பார்த்தாலும் பிடிபடாது. செதுக்கியவன் அந்த எல்லையை வைக்கவே இல்லை.

எங்கள் நாவலப்பிட்டியிலிருந்து கண்டிக்குப் போகும் வழியில், கம்பளையைத் தாண்டிப் பேராதனை வருவதற்குள் ஒதுங்கிப் போனால் எட்டிவிடுகிற இடம் இது. எங்கள் ஊர்க்காரர்களில் பலர் போனதில்லை. போனவர்களும் சாமி கும்பிடத்தான் போயிருக்கிறார்கள். அங்கே இருப்பது கதிர்காமத்துக் கடவுள். 14ஆம் நூற்றாண்டில், கம்பளையில் மூன்றாம் விக்கிரமபாகு ஆண்ட காலத்தில் எழுந்த கோயில் என்பார்கள். தூண்கள் கம்பளை அரச மண்டபத்திலிருந்து கொண்டுவரப்பட்டவை என்றும் ஒரு பேச்சு உண்டு. மரம் வேங்கை. வள்ளியோடு பேசிக்கொண்டிருந்த முருகன், வேடர் கூட்டம் வருவதைக் கண்டு மரமாகி நின்றானே, அதே வேங்கை. அந்தத் தூண்களைத் தேர்ந்தவர்களுக்கு இந்தக் கதை தெரியுமா என்று கேட்டுக்கொண்டிருப்பதில் பயனில்லை. கோயிலின் தலபுராணமும் மரக்கதைதான்: அரச தோட்டத்தில் வேலைக்காரன் ஒருவன் ஒரு மரத்தை வெட்ட, வெட்டுவாயிலிருந்து இரத்தம் வந்ததாம். கடவுள் அங்கே இருப்பது அப்படித்தான் தெரிந்ததாம். மரத்தில் கத்தி விழும்போது உள்ளிருந்து ஓர் உயிர் வெளிப்படுகிறது என்ற நம்பிக்கை, உளி பிடிக்கிற எவனுக்கும் சொல்லிக்கொடுக்காமலே வரக்கூடியது.

எனக்கு அந்தத் தூண்கள் மை பூசாத அச்சுக்கட்டைகளாகத் தெரிகின்றன. ஈரக் கடதாசியைப் போர்த்தி, மை தடவி அழுத்தினால் அன்னமும் மல்லரும் கொடிப்பெண்ணும் அப்படியே இறங்கிவந்துவிடுவார்கள். (செய்துவிடாதீர்கள். தொல்பொருள் திணைக்களம் சும்மா விடாது, விடவும் கூடாது.) மரச்செதுக்கு அச்சோவியம் என்று இன்று நாம் சொல்கிற கலைக்கு வேண்டிய இலக்கணம் எல்லாம் அந்தச் சட்டங்களுக்குள் இருக்கிறது. இடம் சிறியது. சொல்வதைச் சுருக்கிச் சொல்லவேண்டும். நிழல், தூரம், வானம் என்று இழுத்துக்கொண்டு போக வழியில்லை. அதனால் ஒவ்வோர் உருவமும் குறியீடாக இறுகிப்போகிறது.

மரச்செதுக்கில் ஓவியன் எதையும் வரைவதில்லை. வேண்டாததை எடுத்துப் போடுகிறான்; மிஞ்சி நிற்பதில் மை ஏறுகிறது. தோட்டத்தில் கவ்வாத்துக் கத்தி பிடித்தவர்களுக்கு இந்த வேலை புதிதாக இராது. எதை வெட்டுவது என்பதைவிட எதை விட்டுவைப்பது என்பதில்தான் கைத்திறன் இருக்கிறது. தவறி வெட்டியதை ஒட்டவைக்க முடியாது. தூரிகைக்காரனுக்குச் சாம்பல் நிறங்கள் நூறு உண்டு. செதுக்குகிறவனுக்குக் கறுப்பு ஒன்று, கடதாசியின் வெள்ளை ஒன்று. இடைப்பட்டது வேண்டுமானால் கோடுகளை நெருக்கியும் விலக்கியும் கண்ணை ஏமாற்றவேண்டும். இதில் இன்னொரு விளைவு இருக்கிறது. பெரிய விளைவு அதுதான் என்று நினைக்கிறேன். ஒரே பலகை, ஒரே உளி, ஒரே மை என்பதால் மனிதனின் முகத்துக்கும் அவன் பின்னால் நிற்கிற மரத்துக்கும் ஒரே பொருள், ஒரே தரம். எண்ணெய் வண்ணத்தில் மலையைப் புகைமூட்டமாகப் பின்னால் தள்ளிவிடலாம். மரச்செதுக்கில் மலை முன்னால் வந்து முகத்தோடு முகம் நிற்கும். பின்னணி என்று ஒன்றை ஒதுக்குவது இந்தக் கலைக்கு அவ்வளவாகக் கைவராது.

மழையை எடுத்துக்கொள்ளுங்கள். எங்கள் ஊரில் மழையைப் பற்றிப் பேச யாருக்கும் தகுதித் தேர்வு வேண்டாம். தென்மேற்குப் பருவம் பிடித்துவிட்டால் இங்குருஓயா, கல்பொட, வட்டவளை என்று ஏறிப்போகிற புகையிரதப் பாதை முழுக்க நாட்கணக்கில் நனைந்து கிடக்கும். உளியால் ஒரு நீளக் கீறல் போட்டால் அச்சில் அது வெள்ளைக் கோடு; மழை ஒளியாக விழும். அந்தக் கோட்டை மேடாக விட்டு இருபுறமும் பள்ளமாக எடுத்தால் கறுப்புக் கோடு. மழை சுமையாக விழும். முன்னது ஒரு நொடி வேலை, பின்னது ஒரு நாள் வேலை. ஜப்பானிய ஓவியர் ஹிரோஷிகே 1857இல் ஒரு மரப்பாலத்தின்மேல் திடீரென்று கொட்டுகிற மழையைச் செதுக்குவித்தபோது இரண்டாவது வழியை எடுத்தார். மயிரிழை போன்ற கறுப்புக் கோடுகள், மழைக்கென்றே தனிக் கட்டை. பாலத்தில் குனிந்து ஓடுகிறவர்களின் முதுகு அந்தக் கோடுகளால்தான் வளைந்திருக்கிறது. படங்கைக் கட்டிக்கொண்டு கூடையோடு மலையில் நிற்கிற பெண்ணைச் செதுக்க வருகிறவர் எந்த மழையைத் தேர்வார் என்பது வெறும் தொழில்நுட்பக் கேள்வி இல்லை.

அப்படிச் செதுக்க வந்தவர்கள் இருந்தார்கள், லண்டனில் இருந்தார்கள். புகைப்படத்தை நேரடியாக அச்சேற்றும் வழி வருவதற்கு முன்னால், 19ஆம் நூற்றாண்டின் சித்திரப் பத்திரிகைகளுக்கு மரச்செதுக்குத்தான் கண். தோமஸ் பெவிக் என்ற நியூகாசில்காரர், மரத்தை நீளவாட்டில் அறுத்த பலகையை விட்டுவிட்டு, குறுக்காக அறுத்த கட்டையின் முகத்தில் செதுக்கினால் இரும்புபோல் உறுதியாக நிற்கும், நுண்கோடுகள் உடையாது என்று காட்டினார். 1797இல் வெளிவரத் தொடங்கிய அவருடைய பறவைகள் நூலில், பறவைகளைவிட எனக்குப் பிடித்தவை பக்கத்தின் அடியில் மிஞ்சிய இடங்களில் அவர் வைத்த சின்னஞ்சிறு படங்கள்: மழையில் நடக்கும் பிச்சைக்காரன், கால் இழந்த சிப்பாய், ஓடையைக் கடக்கிற கிழவன். பறவையும் பிச்சைக்காரனும் ஒரே ஊரில் வாழ்கிறார்கள் என்பதைப் பெவிக் மறக்கவில்லை. அவர் செம்மைப்படுத்திக் கொடுத்த அதே முறையை எடுத்துக்கொண்டு 'இல்லஸ்ட்ரேட்டட் லண்டன் நியூஸ்', 'த கிராஃபிக்' போன்ற பத்திரிகைகள் பேரரசின் காட்சிகளை வாரந்தோறும் வீடுகளுக்குக் கொண்டுசென்றன. 1890இல் லிப்டன் இங்கே வந்து தோட்டங்களை வாங்கிய பிறகு, தோட்டத்திலிருந்து நேரே தேநீர்ப் பானைக்கு என்ற விளம்பரத்தில் கொழுந்து பறிக்கும் தமிழ்ப் பெண் உலகம் சுற்றினாள். பிறகு தபாலட்டைகள். பிறகு சுற்றுலாச் சுவரொட்டிகள். எல்லாவற்றிலும் அவள் மலையின் ஆபரணம். பச்சைக்கு நடுவே ஒரு சிவப்புப் புள்ளி வேண்டியிருந்தது, அவளை வைத்தார்கள்.

இதற்கு எதிராக நாங்கள் உண்டாக்கிய படங்களும் என்னைத் திருப்திப்படுத்தியதில்லை. தொழிற்சங்கப் பிரசுரங்களிலும் கவிதைத் தொகுதி அட்டைகளிலும் வந்த சித்திரங்களில் ஓங்கிய முட்டி, உடைந்த விலங்கு, உதயசூரியன், கூனிய முதுகு. அங்கே மனிதர் இருந்தார், மலை போய்விட்டது. அவர்கள் மலையை வைத்துக்கொண்டு ஆளைச் சின்னதாக்கினார்கள். நாங்கள் ஆளைப் பெரிதாக்கிக்கொண்டு மலையை அவர்களிடமே விட்டுவிட்டோம். இரண்டு நூற்றாண்டாகக் காடு வெட்டி, கல் பொறுக்கி, கான் வெட்டி, ஒவ்வொரு மேட்டையும் கையால் உருவாக்கிய சமூகத்துக்கு அந்த நிலக்காட்சி அந்நியனுடைய தபாலட்டையாகவே மிஞ்சிவிட்டது. 2023இல் மலையகம் 200 நினைவாகத் தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு நடந்தார்களே, அந்த நடையில் கால்கள் நிலத்தைத் தொட்ட அளவுக்கு எங்கள் ஓவியம் இன்னும் தொடவில்லை.

இந்த இடத்தில் ஆனந்த குமாரசுவாமி நினைவுக்கு வராமல் தீராது. 1877இல் கொழும்பில் பிறந்த தமிழர், படித்தது மண்ணியல். 1903 முதல் 1906 வரை இலங்கைக் கனிமவள அளவைக்குத் தலைமை வகித்து இந்த மலைகளில் நடந்தவர். கல்லைத் தேடி வந்த மனிதர் கண்டியக் கைவினைஞர்களைக் கண்டுகொண்டார். தச்சர், கொல்லர், சித்திரக்காரர், தந்தம் செதுக்குகிறவர் என்று ஒவ்வொரு தொழிலாகக் கேட்டு எழுதி, 'மத்தியகாலச் சிங்களக் கலை' என்ற பெருநூலாக்கினார். அதை அச்சிட்ட விதம் தனிக்கதை. வில்லியம் மொரிஸ் தன் கெல்ம்ஸ்கொட் அச்சகத்தில் மரச்செதுக்குப் படங்களோடு சோசரின் நூலை 1896இல் அச்சிட்ட காலத்தின் கைப்பொறி கைமாறி வந்திருந்தது. இங்கிலாந்தின் பிரோட் கம்டன் கிராமத்தில், பழைய தேவாலயம் ஒன்றைத் திருத்தி வீடாக்கிக்கொண்டு, அந்தப் பொறியில் ஓராண்டுக்கும் மேலாக அச்சிட்டு 1908 இறுதியில் முடித்தார். மொத்தம் 425 பிரதிகள். இயந்திரம் கைவினையைக் கொல்கிறது என்று சொல்கிற புத்தகம் இயந்திரத்தில் அச்சாகக் கூடாது என்ற பிடிவாதம். இந்தப் பிடிவாதத்துக்கு முன் நான் தலைவணங்குகிறேன். எம்பக்கேயின் கொடிப்பெண்ணைப் போன்ற உருக்கள் வெறும் பூவேலை இல்லை, ஒரு மனநிலையின் எழுத்து என்று நமக்குப் படிக்கக் கற்றுக்கொடுத்தவர் அவர்தான்.

ஆனாலும் ஒன்று உறுத்துகிறது. அவர் நடந்த பாதைகளின் இருமருங்கிலும் அப்போதே தோட்டத் தொழிலாளரின் லயங்கள் இருந்தன. கம்பளைக்குப் பக்கத்தில் சின்னப்பிட்டியவில் ஜோர்ஜ் பேர்ட் கோப்பி பயிரிட்டு 80 ஆண்டுகள் கழிந்திருந்தன. 1869இல் வந்த இலைநோய் கோப்பியைத் தின்று, தேயிலை மலைகளை மூடிவிட்டிருந்தது. கிராமத்துச் சிங்களக் கைவினைஞனை யந்திர நாகரிகம் என்ன செய்தது என்று மனம் வெந்து எழுதியவர், அதே நாகரிகத்தின் சக்கரத்துக்குள் நேரடியாகவே கிடந்த தமிழ்த் தொழிலாளியை அந்தப் புத்தகத்தில் கொண்டுவரவில்லை. பொருள் வேறு என்று பதில் சொல்லலாம். சரியான பதிலும்கூட. எனினும் அழகின் மரபைத் தேடுகிறவர் கண் எதைத் தாண்டிப்போகிறது என்பதற்கு இதைவிடப் பெரிய எடுத்துக்காட்டு எனக்குத் தெரியாது. இத்தனைக்கும் தமிழ் உளி இந்தப் பக்கத்துக்குப் புதிதில்லை. 1344இல் எழுந்த கடலாதெனிய விகாரையைக் கட்டியவர் கணேசுவராச்சாரி. லங்காதிலகப் பாறையில் தமிழ்க் கல்வெட்டு இருக்கிறது. கங்காணியின் பின்னால் வந்தவர்களுக்கு ஐந்நூறு ஆண்டு முன்னமே தமிழ் இங்கே கல்லில் ஏறியிருந்தது.

மனிதரையும் இயற்கையையும் ஒரே கட்டையில் ஏற்றிக் காட்டியவர்கள் என்றால் வங்காளத்தார்தான் என் மனதில் முதலில் வருவார்கள். 1930இல் நந்தலால் போஸ் லினோலியத்தில் செதுக்கிய காந்தி, உப்பெடுக்கக் கடலை நோக்கிக் கோலூன்றி நடக்கிற அந்தக் காந்தி, எல்லோருக்கும் தெரிந்த படம். கறுப்பு வெளியில் வெள்ளைக் கோடுகள். வழி கிடையாது, கடல் கிடையாது, நடை மட்டுமே. அதே ஆண்டில் தாகூரின் பாலபாடமான 'சஹஜ் பாத்'துக்கு அவர் செதுக்கிய படங்களை அவ்வளவு பேர் பார்த்திருக்க மாட்டார்கள். எழுத்து படிக்கிற பிள்ளைக்காக ஆறும் தோணியும் மரமும் மனிதரும் கனத்த கறுப்பில் வருகின்றன. லினோலியம் மரமில்லை என்று சுத்தவாதிகள் மூக்கைச் சுளிக்கட்டும். உளியும் மனமும் ஒன்றுதான்.

சித்தப்பிரசாத் 1915இல் பிறந்தவர், கலைப்பள்ளி படிக்காமல் தானே கற்றுக்கொண்டவர், கம்யூனிஸ்ட். 1943இல் பஞ்சத்தில் செத்துக்கொண்டிருந்த மிட்னாபூரில் நடந்து திரிந்து, மையால் வரைந்த படங்களோடு 'பசித்த வங்காளம்' என்ற சிறுநூலைக் கொண்டுவந்தார். ஆங்கில அரசு பிரதிகளைப் பறித்து அழித்தது. அதற்குப் பிறகு பம்பாயின் அந்தேரியில் வறுமையோடு வாழ்ந்துகொண்டு அவர் லினோவில் செதுக்கியவற்றைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன். 'தேவதைக் கதைகள் இல்லாத தேவதைகள்' என்ற தொடரில் வேலை செய்யும் பிள்ளைகள். இன்னொரு பக்கம் காதலர், பறவை, மாடு, பிள்ளையைத் தூக்கிய தாய், எல்லாம் இலைகளோடு இலையாக. பஞ்சத்தைப் பார்த்த கைதான் அந்தக் காதலரையும் செதுக்கியது. அதனால் அந்த இலைகளில் இனிப்பு ஏறவில்லை. பெண்ணின் கூந்தலும் மரத்தின் கிளையும் ஒரே கீறலில் வருவது அலங்காரமாகப் படவில்லை. அவருடைய சமகாலத்தவர் ஹரேன் தாஸ் தொழில்திறனில் யாருக்கும் குறைந்தவரில்லை. வங்கக் கிராமத்தின் வாத்துகளையும் மீனவர்களையும் மரத்தில் அவரைப்போல் நுணுக்கமாக எடுத்தவர் அரிது. ஆனால் அந்தக் கிராமங்களில் நேரம் நின்றுபோயிருக்கிறது, யாருக்கும் பசிப்பதில்லை. நான் அவரை விரும்பிப் பார்ப்பேன், மீண்டும் போவது சித்தப்பிரசாத்திடம்.

சீனத்தில் எழுத்தாளர் லூ சுன் 1931 ஆகஸ்டில் சாங்காயில் இளைஞர்களைக் கூட்டி ஒரு சின்ன மரச்செதுக்கு வகுப்பு நடத்தினார். ஜப்பானியர் ஒருவர் கற்பித்தார். லூ சுன் மொழிபெயர்த்தார். அதே ஆண்டில், சுட்டுக்கொல்லப்பட்ட தன் இளம் எழுத்தாளர் நண்பருக்கு நினைவஞ்சலியாகக் கேத்தே கொல்விட்சின் 'பலி' என்ற மரச்செதுக்கை ஒரு பத்திரிகையில் வெளியிட்டார். பிள்ளையை ஏந்திக்கொடுக்கும் தாய். முதல் உலகப்போரில் மகனை இழந்த ஜேர்மன் தாய் செதுக்கியது சீனத்து இழப்புக்கு முகமானது. ஓர் எழுத்தாளர் தூண்டிவிட்ட காரியம் இது என்பதைச் சிறுபத்திரிகைக்காரர்கள் கவனிக்கவேண்டும்.

தமிழிலும் மரக்கட்டைக்கு வரலாறு உண்டு. 1850இல் அலெக்சாண்டர் ஹண்டர் தொடங்கிய சென்னைக் கலைப்பள்ளியில் மரச்செதுக்கும் ஒரு பாடம். பெரிய எழுத்துக் கதைப் புத்தகங்களில் அல்லியும் நல்லதங்காளும் கட்டைப் படங்களாகத்தான் வீடுகளுக்குள் வந்தார்கள். மை அப்பிய, மூக்கு நீண்ட அந்தப் பெண்களைத் தோட்டத்து லயங்களில் கதை வாசிப்புக் கேட்டவர்களும் பார்த்திருப்பார்கள். மலையகத்தில் பத்திரிகை மரபுக்கும் குறைவில்லை. நாவலப்பிட்டியிலிருந்தே 'ஆத்மஜோதி' என்ற ஆன்மிக மாத இதழ் 1948 முதல் பல பத்தாண்டுகள் வந்தது. பிறகு 'மலைமுரசு', 'தீர்த்தக்கரை', 'கொழுந்து', 'நந்தலாலா' என்று ஒரு வரிசை. எழுத்துக்கு இவை செய்ததைப் படத்துக்கு எதுவும் செய்யவில்லை என்று சொன்னால் கோபிப்பார்கள். ஆனால் நான் பார்த்த இதழ்களில் உளியின் தடம் மிகக் குறைவு. அண்மையில் ஹற்றனில் பிறந்த ஹனுஷா சோமசுந்தரம் தேயிலைப் பையையும் தேயிலைச் சாயத்தையுமே ஓவியப் பொருளாக்கி வரைகிறார். பயிரே நிறமாகிறது. எனக்குத் தெரிய, ஆளையும் பச்சையையும் பிரித்துவைத்த பழைய பழக்கத்தை உடைத்தது இந்தத் தலைமுறைதான்.

மரச்செதுக்கு வந்தால் என்ன செதுக்குவது? இரண்டு இலையும் ஒரு மொட்டும் வேண்டாம். அது வியாபாரச் சின்னமாகிப் பல காலம். கூடையும் வேண்டாம் என்றுகூடச் சொல்வேன், கொஞ்சக் காலத்துக்காவது. இருக்கிற குறியீடுகளைப் பார்த்தாலே போதும். தேயிலைத் தூருக்கு அடியில் தேங்காயும் மாசியும் கிடைக்கும் என்று ஆசைகாட்டித்தானே இராமநாதபுரத்திலிருந்தும் திருச்சியிலிருந்தும் ஆட்களைக் கூட்டிவந்தார்கள்? ஒரு தூர், அதன் வேர்களுக்குள் ஒரு தேங்காய், அதைத் தோண்டுகிற கைகள். அந்தக் கைகளே வேராகி இறங்குவது. இதைவிடக் கூரான படம் எந்தக் கவிஞனும் கற்பனை செய்து தரவேண்டியதில்லை. மாசி மாதத்துக் காமன் கூத்தில் ஊன்றுகிற கம்பம் இருக்கிறது. எரிந்த மன்மதன் மறுபடி தளிர்க்கவேண்டும் என்று ரதி அழுகிற இரவு இருக்கிறது. தேயிலைக்கு நடுவே பாறையில் பொட்டு வைத்த மாடசாமி இருக்கிறார். காலில் ஏறுகிற அட்டை இருக்கிறது. இரத்தம் குடிக்கிறது என்பதால் அதை முதலாளியாக்கிவிடாதீர்கள். அது பாவம், அட்டையாகவே இருக்கட்டும். நிழலுக்கு நிற்கிற சவுக்கு, பசளைக்காகக் கிளை முறிபடுகிற முள்முருங்கை. 1964இல் சிறிமா சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்பிவிடத் தீர்மானித்தபோது, போனவர்கள் கப்பலில் கொண்டுபோகாத மரங்கள் இவை.

பொருளுக்கு அலைய வேண்டாம். மீள்நடுகைக்காக நூறு வயதுத் தேயிலையைத் தூரோடு பிடுங்கிப் போடுகிறார்கள். விறகாகப் போகிறது, மிஞ்சியது அலங்காரப் பொருளாகிக் கண்டிக் கடைகளில் நிற்கிறது. தேயிலைக் கட்டை இறுகியது. பெவிக் செய்ததுபோல் குறுக்காக அறுத்துக் காயவைத்து, உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு முகம் கிடைக்கும். ஓர் இதழின் அட்டைக்கு அது காணும். உளிக்குக் காசில்லை என்றால், எங்கள் ஊரில் எந்த வீட்டிலும் முறிந்த குடை இல்லாமலில்லை. பள்ளம் விழுந்த குடைக்கம்பியைக் கல்லில் தீட்டிக் கைப்பிடி போட்டால் நல்ல உளி. அச்சுப்பொறி வேண்டாம், கடதாசியை வைத்துக் கரண்டியின் முதுகால் தேய்த்தால் படம் இறங்கும்.

பாடசாலைகளில் சித்திரம் கற்பிக்கிற ஆசிரியர்களுக்கும், மலையகத்தில் இதழ் நடத்துகிற நண்பர்களுக்கும் ஒரு வேண்டுகோள். அடுத்த அட்டைக்காகக் கணினியில் தேயிலைமலைப் படம் தேடுவதை ஒருமுறை நிறுத்துங்கள். தோட்டத்துப் பிள்ளைகள் சிலரை எம்பக்கேக்குக் கூட்டிப்போய் அந்தக் கொடிப்பெண்ணைக் காட்டுங்கள். திரும்பி வந்ததும் ஆளுக்கொரு தூர்த்துண்டும் குடைக்கம்பியும் கொடுங்கள். வந்த படங்களைத் திருத்தாமல் போடுங்கள்.